நாலு அங்குலமா, ஏழு அங்குலமா? மடங்காத கத்தியின் அளவைப் படிப்பது எப்படி

மலையேற்றத்துக்கோ கூடாரம் போட்டுத் தங்குவதற்கோ ஒரு மடங்காத கத்தி வாங்கலாம் என்று இணையக் கடையைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது அலகின் நீளம். 4 அங்குலம், 5 அங்குலம், 7 அங்குலம். சட்டைக்கு அளவு பார்ப்பதுபோல அந்த ஒற்றை எண்ணை வைத்தே பலரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரே அலகு நீளம் கொண்ட இரண்டு கத்திகள் கையில் முற்றிலும் வேறு வேறாக நடந்துகொள்ளும். நீளத்தோடு இன்னும் மூன்று விஷயங்களைப் பார்த்தால்தான் ஒரு கத்தி எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று புரியும்: வெட்டுவாய் பிடிக்கு எவ்வளவு பக்கத்தில் தொடங்குகிறது, முதுகின், அதாவது கூருக்கு எதிர்ப்பக்கத்தின், தடிமன் எவ்வளவு, எடை எங்கே நிற்கிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, பரவலாகக் கிடைக்கும் மூன்று கத்திகளை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடனின் மோராக்னிவ் கம்பேனியன்: அலகு 104 மி.மீ., முதுகுத் தடிமன் 2.5 மி.மீ., மொத்த நீளம் 219 மி.மீ., உறை இல்லாமல் எடை 100 கிராமைத் தொடாது. அமெரிக்காவின் எஸ்ஸீ 4: அலகு 114 மி.மீ., தடிமன் 4.8 மி.மீ., மொத்தம் 229 மி.மீ., எடை சுமார் 227 கிராம். மூன்றாவது, 1942 முதல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை பயன்படுத்திய கேபார்: அலகு 178 மி.மீ., தடிமன் 4 மி.மீ.க்குச் சற்று மேல், மொத்தம் சுமார் 301 மி.மீ., எடை ஏறக்குறைய 300 கிராம்.

மொத்த நீளத்திலிருந்து அலகைக் கழித்துப் பாருங்கள். கம்பேனியனின் பிடி 115 மி.மீ., எஸ்ஸீயின் பிடியும் 115, கேபாரின் பிடி 123. ஸ்வீடன் விமானப்படை விமானிகளுக்கான கத்தியாக அறியப்பட்ட ஃபெல்க்னிவன் எஃப்1-க்கும் இதே கணக்குப் போட்டால் 210-இல் 97 போக 113 வருகிறது. அலகு 97-இலிருந்து 178 வரை ஓடுகிறது, பிடியோ பத்து மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. மனிதக் கையின் அகலம் பெரிதாக மாறுவதில்லை என்பதுதான் காரணம். ஆகவே அலகு நீள நீள, அதே கை, அதே மணிக்கட்டு, கூடுதல் நீளத்தையும் எடையையும் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. கத்தியின் அளவு பற்றிய பேச்சு எல்லாமே இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

அலகு வேறு, வெட்டுவாய் வேறு

பிடி முடியும் இடத்திலிருந்து நுனி வரை அலகு. அதில் உண்மையில் கூர் தீட்டப்பட்டிருக்கும் பகுதி வெட்டுவாய். பல கத்திகளில் பிடியை ஒட்டி ஒரு துண்டு தீட்டப்படாமல் தடிமனாக விடப்பட்டிருக்கும், அல்லது ஆள்காட்டி விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளைவு வெட்டப்பட்டிருக்கும். எஸ்ஸீ 4-இன் அலகு 4.5 அங்குலம் என்றாலும் வெட்டுவாய் 4.1 அங்குலம்தான், அதாவது 104 மி.மீ. கம்பேனியனில் கூர் பிடியை ஒட்டியே தொடங்கிவிடுவதால், அலகு 10 மி.மீ. குறைவாக இருந்தும் வெட்டுவாய் கிட்டத்தட்ட அதே நீளம். விளம்பர எண்ணை மட்டும் பார்த்தவருக்கு எஸ்ஸீ பெரிய கத்தி. வெட்டும் மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த முதல் ஒரு சென்டிமீட்டருக்கு இவ்வளவு மதிப்பு எதற்கு? கடினமான குச்சியைச் சீவும்போது வலு முழுவதும் பிடிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கிறது. மணிக்கட்டு தரக்கூடிய திருப்புவிசைக்கு ஓர் எல்லை உண்டு. வெட்டும் புள்ளி தூரம் போகப் போக, அதே திருப்புவிசை குறைவான அழுத்தமாகத்தான் போய்ச் சேரும். முஷ்டியின் நடுவிலிருந்து 5 அல்லது 6 செ.மீ. தள்ளி வெட்டும்போது கிடைக்கும் அழுத்தம், 12 செ.மீ. தள்ளி வெட்டினால் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். கூடாரத்து முளைக்குக் காடி வெட்டுவது, கரண்டி செதுக்குவது போன்ற வேலைகளில் தொண்ணூறு சதவீதம் வெட்டுவாயின் முதல் 4 செ.மீ.யில்தான் நடக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. அந்த இடத்தை வெற்று எஃகாக விட்டுவிட்ட கத்தி, செதுக்கும் வேலைக்கு முதலிலேயே கடன்பட்டுத்தான் வருகிறது.

விரல் வளைவுக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ஆள்காட்டி விரலை அதற்குள் வைத்துப் பிடித்தால் கை முழுவதும் முன்னே நகர்கிறது, நுனி அருகில் வருகிறது. நீண்ட கத்தியைச் சின்ன வேலைக்குப் பழக்க இது உதவும். 10 செ.மீ. அலகில் அது தேவையா என்பது வேறு கேள்வி. சிறிய கத்தியில் அந்த வளைவு ஆதாயத்தைவிட இழப்பாகவே முடிகிறது. கயிற்றை அறுக்கும்போது கயிறு அந்தப் பள்ளத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும் தொல்லை தனி.

நுனியின் பக்கமும் இதே கதை. மணிக்கட்டு 5 பாகை பிசகினால் 104 மி.மீ. அலகின் நுனி சுமார் 9 மி.மீ. விலகும், 178 மி.மீ. அலகின் நுனி 15 மி.மீ.க்கு மேல் விலகும். மீன் வயிற்றைக் கீறும்போதும், தோல் வாரில் துளை போடும்போதும், விரலில் தைத்த முள்ளை எடுக்கும்போதும் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தடிமன்: பலத்துக்கு ஒரு விலை உண்டு

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தடித்த கத்தி என்றால் உறுதி என்ற எண்ணம் தவறில்லை. ஒரு எஃகுப் பட்டை வளையாமல் நிற்கும் விறைப்பு, தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 2.5 மி.மீ.யிலிருந்து 3.2 மி.மீ.க்குப் போனால் விறைப்பு இரண்டு மடங்கு. 4.8 மி.மீ.க்குப் போனால் ஏழு மடங்கு. எடையோ இரண்டு மடங்குக்குள்தான் கூடும். கேட்க நல்ல வியாபாரம்.

ஆனால் நீங்கள் கத்தியை வளைப்பதற்காக வாங்கவில்லை, வெட்டுவதற்காக வாங்குகிறீர்கள். பொருளுக்குள் நுழையும் ஒவ்வொரு மில்லிமீட்டர் எஃகும் அந்தப் பொருளை இரு பக்கமும் தள்ளித்தான் நுழைய வேண்டும். இங்கே தடிமனைத் தனியாகப் பார்க்கக் கூடாது. முதுகிலிருந்து வெட்டுவாய்க்கு எஃகு எப்படி மெலிகிறது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படி மெலியவைக்கும் வகையைத்தான் கிரைண்ட் என்கிறார்கள்.

கம்பேனியன் ஸ்கேண்டி வகை. அலகின் பெரும்பகுதி ஒரே தடிமனில் வந்து, கீழே சுமார் 6 மி.மீ. உயரத்துக்குள் திடீரென்று சரிந்து கூராகிறது. இரு பக்கச் சரிவும் சேர்ந்த கோணம் ஏறக்குறைய 23 பாகை. எஸ்ஸீ 4 ஃபுல் ஃப்ளாட் வகை. முதுகில் தொடங்கும் சரிவு அலகின் அகலம் முழுவதும், 30 மி.மீ. வாக்கில், சீராக இறங்கும். அந்தச் சரிவின் கோணம் 10 பாகைக்குள்தான் இருக்கும். அடியில் தனியாக ஒரு சின்னக் கூர்ச்சரிவு தீட்டப்பட்டிருக்கும்.

இப்போது ஒரு கேரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவாயிலிருந்து 10 மி.மீ. மேலே கம்பேனியனின் தடிமன் முழு 2.5 மி.மீ., எஸ்ஸீயினுடையது 2 மி.மீ. வாக்கில். ஆழமில்லாத வெட்டில் தடித்த கத்திதான் மெலிதாக நுழைகிறது! 25 மி.மீ. ஆழம் போகும்போது நிலைமை தலைகீழ். கம்பேனியன் 2.5-லேயே நிற்க, எஸ்ஸீ 4 மி.மீ.க்கு வந்துவிடுகிறது. கேரட் அறுபடாமல் பாதியில் பிளந்து தெறிப்பது அதனால்தான். முள்ளங்கி, பூசணி, தேங்காய்ப் பத்தை, எது என்றாலும் இதே கணக்கு. தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் 3 மி.மீ.க்கு மேல் போன முதுகு வேண்டாத சுமை.

மரத்தைச் சீவும்போது ஸ்கேண்டி சரிவுக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. அந்த அகலமான சரிவை மரத்தின் மேல் பதிய வைத்தால் அதுவே வழிகாட்டியாகி, வெட்டின் ஆழம் தானாகவே சீராக வரும். தீட்டும்போதும் அப்படியே. சரிவைக் கல்லில் முழுவதுமாகப் படியவைத்துத் தேய்த்தால் போதும், கோணத்தைக் கையால் காப்பாற்ற வேண்டியதில்லை. தொடக்கக்காரர்களுக்கு ஸ்கேண்டி கத்தியைப் பரிந்துரைப்பதற்கு விலை மட்டும் காரணம் அல்ல.

6 மி.மீ. தடிமன் உள்ள கத்திகளும் கடைகளில் உண்டு. பெக்கர் பிகே2 அந்த ரகம்: 5.25 அங்குல அலகு, கால் அங்குல முதுகு, அரைக் கிலோவை நெருங்கும் எடை. பெட்டியை நெம்பவும் விறகைப் பிளக்கவும் அது அஞ்சாது. குச்சியைச் சுருள் சுருளாகச் சீவித் தீமூட்டத் தயார் செய்யச் சொன்னால் கை சோர்ந்துவிடும்.

எடை நிற்கும் இடம்

கத்தியின் தட்டைப் பக்கத்தை ஆள்காட்டி விரலின் மேல் வைத்து, சாயாமல் நிற்கும் புள்ளியைத் தேடுங்கள். அதுவே சமநிலைப் புள்ளி. பிடித்திருக்கும்போது ஆள்காட்டி விரல் படியும் இடத்திலோ அதற்கு ஒரு சென்டிமீட்டர் பின்னாலோ அது அமைந்தால் கத்தி கையில் எடையற்றதுபோல் இருக்கும், விரல்கள் தளர்வாகப் பிடித்தாலும் நுனி தொங்காது. செதுக்குவதற்கும் சமையலுக்கும் இதுவே வேண்டும். புள்ளி அலகுக்குள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் முன்னே போனால், ஓங்கி வெட்டும்போது கத்தி தானாக விழுந்து வேலை செய்யும். கூடவே, நுண்ணிய வேலையில் சுண்டுவிரல் பக்கம் எப்போதும் இறுக்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டிவரும். அரை மணி நேரத்தில் முன்கை வலிக்கும்.

சமநிலையை மாற்றுவதில் பெரும்பங்கு பிடிக்குள் மறைந்திருக்கும் எஃகுக்கு, அதாவது டாங்குக்கு. பிடியின் வெளிவடிவத்தையே ஒத்து கடைசிவரை ஓடினால் ஃபுல் டாங். எடை பின்னுக்கு வரும், பிடி உடைந்தாலும் மேலே கயிற்றைச் சுற்றி வேலையை முடிக்கலாம். குளிர்காலத்தில் வெளித்தெரியும் எஃகு கையை விறைக்கவைக்கும் என்பது குறை. பின்லாந்தின் பூக்கோ கத்திகளிலும் கேபாரிலும் இருப்பது ஒல்லியான குச்சி டாங். பிடியை ஊடுருவிப் போய்க் கடைசியில் பூட்டப்பட்டிருக்கும். கம்பேனியனில் டாங் பிடியின் பாதிக்கு மேல் போய் நின்றுவிடுகிறது. ‘ஃபுல் டாங் இல்லாத கத்தி காட்டுக்கு ஆகாது’ என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. வடக்கு ஐரோப்பாவின் காட்டுவேலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குச்சி டாங்கை வைத்தே பிழைத்திருக்கிறார்கள். கத்தியை நெம்புகோலாக்காதவரை டாங் பற்றிய கவலை பெரிதாக வேண்டாம்.

பிடி

உங்கள் நான்கு விரல் முட்டிகளுக்குக் குறுக்கே அளவுநாடாவை வையுங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு 75 முதல் 90 மி.மீ. வரும். அதோடு 15 முதல் 20 மி.மீ. சேர்த்தால் உங்களுக்கு வேண்டிய பிடி நீளம். கையுறை போடும் குளிர் ஊரில் இருந்தால் இன்னும் பத்து. குட்டையான பிடியின் பின்முனை உள்ளங்கையில் குத்தும். பார்ப்பதற்குக் கச்சிதமாக இருக்கும் பல சிறு கத்திகள் கொப்புளம் போடுவது இந்தக் காரணத்தால்தான்.

குறுக்குவெட்டு முட்டை வடிவில் இருக்க வேண்டும். உருண்டையான பிடி கைக்குள் சுழலும், இருட்டில் வெட்டுவாய் எந்தப் பக்கம் என்று தெரியாது. சதுரமாக வெட்டி ஓரம் மழுக்காத பிடி பத்து நிமிடத்தில் கட்டைவிரல் அடியில் சிவக்கவைக்கும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிப் பள்ளம் வைத்த பிடிகளை நம்பாதீர்கள். அவை அச்சு எடுத்த கைக்குப் பொருந்தும், அதுவும் ஒரே ஒரு பிடிமுறைக்கு. கத்தியை மார்புப்பக்கம் திருப்பியோ தலைகீழாகவோ பிடித்ததும் அந்த மேடுகள் எலும்பில் உட்காரும்.

பிடிக்கும் அலகுக்கும் நடுவே நிற்கும் குறுக்குத் தடுப்பு, ஈரக்கை வழுக்கி வெட்டுவாய் மேல் ஏறாமல் காக்கும். கேபாரில் மேலும் கீழும் இருக்கிறது, சண்டைக்காகச் செய்ததல்லவா. அதே மேல் தடுப்பு, கட்டைவிரலை முதுகில் வைத்து அழுத்தவிடாது. கீழ்த் தடுப்பு, பலகையில் காய் நறுக்கும்போது இடிக்கும். கீழே மட்டும் ஒரு சின்ன மேடு இருந்தால் தொடக்கக்காரருக்கு அது போதும். பூக்கோவில் அதுவும் கிடையாது. குத்தும் வேலைக்கு அதை எடுக்கக் கூடாது என்பது அந்த ஊரில் குழந்தைகளுக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

பிளப்பதும் வெட்டுவதும்

கத்தியை விறகின் தலையில் வைத்து, முதுகில் ஒரு கட்டையால் தட்டிப் பிளப்பதை பேட்டனிங் என்பார்கள். இங்கே நீளத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. அலகு விறகுக்குள் இறங்கிய பிறகும், தட்டுவதற்கு நுனிப்பக்கம் 4 செ.மீ.யாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 104 மி.மீ. அலகால் 6 செ.மீ. குறுக்களவு வரை பிளக்கலாம். கேபாரால் 13 செ.மீ. வரை. மழையில் நனைந்த விறகின் உலர்ந்த உள்பாகத்தை எடுக்க 6 செ.மீ. தாராளம்.

இதில் கத்தி உடைவது பெரும்பாலும் கைத்தவறால். விறகில் கணு இருந்தால் அலகு அங்கே நின்றுவிடும். விடாமல் தட்டினால் வெட்டுவாயில் பல் விழும். நுனியை அடிக்கும்போது பிடியைக் கையால் கீழே அழுத்தினால், அலகும் பிடியும் சேரும் இடத்தில் முறிவு விழும். பிடியை மட்டமாகத் தாங்கினால் போதும். சிக்கிய கத்தியைப் பக்கவாட்டில் திருகாமல், பிளவில் மரத்தாலான ஆப்பைச் செருகி விடுவிக்க வேண்டும். தட்டும் கட்டையும் மரமாகவே இருக்கட்டும். கல்லோ சுத்தியலோ முதுகைச் சிதைக்கும்.

ஓங்கி வெட்டுவதற்கு 18 செ.மீ. அலகு போதும் என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் கேபார் அளவை வாங்குகிறார்கள். வெட்டின் வலு, எடை கையிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு வேகமாக வருகிறது என்பதில் இருக்கிறது. அரைக் கிலோ தலையும் 35 செ.மீ. காம்பும் உள்ள சிறு கைக்கோடரி, 300 கிராம் கத்தியை எளிதாகத் தோற்கடித்துவிடும். 7 அங்குலக் கத்தி செதுக்கவும் பெரியது, வெட்டவும் சிறியது. ஒரே ஒரு கருவிதான் எடுத்துப்போக முடியும் என்ற கட்டாயத்தில் மட்டுமே அதற்கு அர்த்தம் உண்டு. வடக்கு ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் இந்தச் சிக்கலை ஒரே கத்தியில் தீர்க்க முயலவில்லை. கிளை வெட்டவும் எலும்பு உடைக்கவும் 20 செ.மீ. வாக்கில் அலகுள்ள ‘லெயுக்கு’ என்ற பெரிய கத்தி, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு சின்னக் கத்தி, இரண்டையும் இடுப்பில் சேர்த்தே தொங்கவிடுகிறார்கள். தோட்டத்து வேலியில் உண்ணிச்செடிப் புதரை அழிக்க வேண்டுமென்றால் அதற்கு இந்தக் கத்திகள் எவையும் வேண்டாம். உள்ளூர்க் கொல்லர் அடித்துக் கொடுக்கும் வெட்டுக்கத்தியே போதும்.

வாங்கும் முன் வீட்டில் செய்து பார்க்க

இணையத்தில் வாங்குவதானால் தடித்த அட்டை ஒன்று எடுத்து, விளம்பரத்தில் உள்ள மொத்த நீளம், அலகு நீளம், அலகு அகலம் மூன்றையும் வைத்துக் கத்தியின் வடிவத்தை உண்மை அளவில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவாய் தொடங்கும் இடத்தைப் பேனாவால் குறியிடுங்கள். பிடியின் இரு பக்கமும் அட்டைத் துண்டுகளை ஒட்டி 20 மி.மீ. வாக்கில் தடிமன் வரவைத்து, அதைக் கையில் பிடித்து ஒரு பென்சிலைச் சீவுவதுபோல, உருளைக்கிழங்கைத் தோலுரிப்பதுபோல அசைத்துப் பாருங்கள். பிறகு இடுப்பில் செருகி நாற்காலியில் உட்காருங்கள். மொத்த நீளம் 25 செ.மீ.யைத் தாண்டும் கத்திகள் உட்காரும்போது ஒன்று விலாவில் குத்தும், அல்லது நாற்காலியில் இடித்து உறை மேலே ஏறும். படத்தில் கம்பீரமாகத் தெரிந்த பல கத்திகள் இந்த அட்டைச் சோதனையிலேயே விழுந்துவிடும்.

எஃகைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. எஸ்ஸீயிலும் கேபாரிலும் பயன்படும் 1095 வகைக் கார்பன் எஃகு, கடலோரக் காற்றிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஒரே இரவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் இல்லாதவர்கள் துருப்பிடிக்காத எஃகில் வந்த கம்பேனியனை எடுப்பது நல்லது.

அளவுக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. இந்திய ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக உருவாக்கப்பட்டவை அதில் சேரா. மேலே பேசிய மூன்றும் அந்த 9 அங்குலத்துக்குள் அடங்கும் என்றாலும், வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அந்த அளவு செல்லாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் கத்தியையும் சேர்க்கிறது, எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதைத் தடுக்கிறது. முதுமலை, களக்காடு பக்கம் போகிறவர்கள் கத்தியைப் பையில் வைக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. விமானத்தில் போனால் கைப்பையில் வைக்காமல், உறையோடு சுற்றிக் கட்டி, சரக்கில் போகும் பெட்டிக்குள் வையுங்கள்.